சீலிங்கை இடித்தால் கட்டம் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்: கட்டட வரைபடம்

கேள்வி: பழைய அலுவலக மாடி ஒன்றைப் புதுப்பிக்கும் வேலைக்கு ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் சீலிங் பிளான் போடுகிறேன். இடிக்க வேண்டிய சீலிங்கை டெமாலிஷ் சுத்தியலால் தட்டியதும் ஓரக்கோடு டேஷ் கோடாகிவிடுகிறது. உள்ளே இருந்த 1200 × 600 டைல் கட்டத்தைக் காணோம். கட்டமும் டேஷ் கோட்டிலேயே வர வேண்டும். எது எப்படித் தெரிய வேண்டும் என்று அமைக்கும் விஸிபிலிட்டி கிராஃபிக்ஸில் எதை மாற்றினாலும் அசைய மாட்டேன் என்கிறது.
— செட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஓரக்கோடும் கட்டமும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஓரக்கோட்டை ஃபேஸ் அமைப்பில் (இருப்பது, இடிப்பது, புதியது என்று பிரிக்கும் இடம்) உள்ள கோட்டு விதி ஆள்கிறது. கட்டமோ சீலிங்கின் மெட்டீரியலில் (பொருள் வரையறையில்) இருக்கும் சர்ஃபேஸ் பேட்டர்ன், அதாவது மேற்பரப்புக் கோலம். சீலிங்கை இடித்ததாகக் குறித்தவுடன் அதன் சொந்த மெட்டீரியலை ஒதுக்கிவிட்டு, ‘ஃபேஸ் – டெமோ’ என்ற பொது மெட்டீரியலை ரெவிட் போர்த்திவிடுகிறது. அந்த மெட்டீரியலில் பேட்டர்ன் ஏதும் இல்லாததால்தான் கட்டம் மறைகிறது. விஸிபிலிட்டி கிராஃபிக்ஸில் சீலிங் வகைக்குச் செய்யும் மாற்றத்தைவிட ஃபேஸ் விதிக்கு அதிகாரம் கூடுதல். நீங்கள் அங்கே மல்லுக்கட்டியது வீண். கை வைக்க வேண்டியது அந்த டெமோ மெட்டீரியலில்.

முதலில் டேஷ் கட்டம் ஒன்று தயாராக வேண்டும். கோட்டின் லைன் பேட்டர்னை மாற்றி ஃபில் பேட்டர்னை (பரப்பை நிரப்பும் கோலத்தை) டேஷ் ஆக்க முடியாது. பேட்டர்ன் கோப்புக்குள்ளேயே துண்டும் இடைவெளியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோட்பேடில் ஐந்து வரிகள் போதும், எல்லாம் ஆங்கில எழுத்தில். முதல் வரி: அரைப்புள்ளி, சதவீதக் குறி, யூனிட்ஸ், சமக்குறி, எம்எம். இரண்டாவது: நட்சத்திரக் குறியும் அதை ஒட்டிப் பேட்டர்னின் பெயரும். மூன்றாவது: அரைப்புள்ளி, சதவீதக் குறி, டைப், சமக்குறி, மாடல். அடுத்தவை இரண்டும் எண்கள்:

0, -100,0, 0,600, 200,-100
90, 0,-100, 0,1200, 200,-100

ஒவ்வொரு வரியிலும் முதல் எண் கோட்டின் கோணம், அடுத்த இரண்டும் தொடங்கும் புள்ளி, அதற்கடுத்த இரண்டும் நகர்வும் கோடுகளுக்கு இடையேயான தூரமும், கடைசி இரண்டும் துண்டும் இடைவெளியும். தொடக்கத்தை -100 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு: 200 மிமீ துண்டின் நடுப்பகுதி சரியாக மூலையில் விழும், ஒவ்வொரு டைல் மூலையிலும் கூட்டல் குறி போலக் கோடுகள் வெட்டிக்கொள்ளும். துண்டும் இடைவெளியும் சேர்ந்து 300. அது 600-ஐயும் 1200-ஐயும் மீதியின்றி வகுக்கிறது. 250-உம் 100-உம் என்று மனம்போன போக்கில் போட்டால் சில மூலைகளில் இடைவெளி விழுந்து, டைல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

துண்டின் நீளத்தைத் தாளின் அளவில் யோசியுங்கள். 1:100 வரைபடத்தில் 200 மிமீ என்பது தாளில் 2 மிமீ, இடைவெளி 1 மிமீ, கண்ணுக்குத் தெரியும். அதே இடத்தில் 100, -50 போட்டால் இடைவெளி அரை மிமீதான், அச்சில் முழுக்கோடு போலவே ஒட்டிக்கொள்ளும். 1:50 தாளுக்கு 100, -50 அழகாக இருக்கும். அப்போது தொடக்கத்தை -50 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கடைசி வரிக்குப் பிறகு ஒரு முறை என்டர் தட்டிவிட்டு, பேட் (.pat) என்ற நீட்சியோடு சேமியுங்கள். நோட்பேட் வாலில் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும் பழக்கமுடையது. சேமிக்கும்போது ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி ரெவிட்டில்: மேனேஜ், அடிஷனல் செட்டிங்ஸ், ஃபில் பேட்டர்ன்ஸ். ‘மாடல்’ (கட்டடத்தின் நிஜ அளவில் நிற்கும் வகை) என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நியூ, கஸ்டம் வழியாகக் கோப்பை இறக்குங்கள், அளவு 1. பேட்டர்ன் இல்லை என்று சொன்னால் பெரும்பாலும் மூன்றாவது வரியில்தான் பிழை. அடுத்து மேனேஜ், ஃபேஸஸ், கிராஃபிக் ஓவர்ரைட்ஸ். டெமாலிஷ்டு வரிசையின் மெட்டீரியல் பெட்டியைத் திறந்து, ‘ஃபேஸ் – டெமோ’ மெட்டீரியலின் சர்ஃபேஸ் பேட்டர்னில் முன்தளத்துக்கு (ஃபோர்கிரவுண்ட்) இந்தப் புதிய பேட்டர்னைக் கொடுங்கள். பக்கத்திலுள்ள ஃபேஸ் ஃபில்டர்ஸ் தாளில், நீங்கள் பயன்படுத்தும் ஃபில்டருக்கு டெமாலிஷ்டு நிலை ‘ஓவர்ரிடன்’ என்றிருக்கிறதா பாருங்கள். ‘பை கேட்டகரி’ என்றிருந்தால் செய்த எதுவும் எட்டாது. இடிப்புத் தாளுக்கு வியூவின் ஃபேஸ் ‘நியூ கன்ஸ்ட்ரக்‌ஷன்’, ஃபில்டர் ‘ஷோ ப்ரீவியஸ் + டெமோ’. ‘ஷோ டெமோ + நியூ’ வைத்தால் பழைய கட்டமும் புதிய கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மீன்வலையாகிவிடும்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அந்த மெட்டீரியல் சீலிங்குக்கு மட்டுமல்ல, இடிக்கப்படும் எல்லாவற்றுக்கும் போர்வை. தரையை இடித்தால் ஃப்ளோர் பிளானில் தரை மேலும் 1200 × 600 கட்டம் வரும். அங்கே அந்தத் தரையைத் தேர்ந்தெடுத்து, வலது க்ளிக், ஓவர்ரைட் கிராஃபிக்ஸ் இன் வியூ, பை எலிமென்ட். சர்ஃபேஸ் பேட்டர்னின் ‘விஸிபிள்’ குறியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அதே மாடியில் இரண்டு அறைகளில் மட்டும் 600 × 600 டைல். அதற்கு என்ன செய்வது?
— லெனேசியா, ஜோஹானஸ்பர்க்

பதில்: ஒரு மெட்டீரியலில் ஒரு பேட்டர்ன்தான். இரண்டு அறைதானே, மேலே சொன்ன ‘பை எலிமென்ட்’ வழியிலேயே வேறு பேட்டர்ன் கொடுங்கள். ஆனால் அங்கே டிராஃப்டிங் வகை மட்டுமே கிடைக்கும். அது தாளின் அளவில் நிற்பது: 1:100-க்கு 6 × 6 மிமீ கட்டமாக எழுத வேண்டும். வியூவை 1:50 ஆக்கினால் கட்டத்தில் டைலின் அளவு பாதியாகி, எண்ணிக்கை பொய்யாகிவிடும். ஆகவே அளவை முதலிலேயே தீர்மானித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

கேள்வி: சீலிங்கை இடித்ததாகக் குறித்தால் விளக்குகளும் டேஷ் ஆகிவிடுகின்றனவே?
— பீனிக்ஸ், டர்பன்

பதில்: அந்த விளக்குகள் சீலிங்கை ஹோஸ்டாக (தாங்கும் பொருளாக) கொண்டவை, ஹோஸ்ட் போனால் கூடவே போகும். கழற்றி மறுபடி மாட்டப்போகும் விளக்கு என்றால் பழையதை அப்படியே விட்டு, புதிய சீலிங்கில் அதே ஃபேமிலியை (அதே விளக்கு வகையை) இன்னொரு முறை வையுங்கள். ‘கழற்றி மீண்டும் பொருத்துக’ என்ற குறிப்பு அவசியம்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தகரத்தில் பூ அச்சிட்ட பழைய சீலிங் உள்ள வீடு. டேஷ் கோடு போட்டு முனிசிபாலிட்டிக்குக் கொடுத்தால் போதுமா?

பதில்: தென்னாப்பிரிக்கத் தேசியக் கட்டட விதிகளின்படி மனை வரைபடத்தில் (சைட் பிளான்) இடிக்கும் பகுதிக்குக் கறுப்புப் புள்ளிக்கோடு. மற்ற வரைபடங்களில் புதிய செங்கல் வேலை சிவப்பு, கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், இருப்பது சாம்பல். ஆனால் உங்கள் வீட்டுக்குக் கோட்டுக்கு முன்னால் வேறொரு படி இருக்கிறது. 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தின் எந்தப் பகுதியை மாற்றவும் இடிக்கவும் 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் மரபுச் சட்டம், 34-ஆம் பிரிவு அனுமதி கேட்கிறது. குவாஸுலு-நாட்டாலில் அதைப் பார்ப்பது அமாஃபா என்ற மாகாண மரபு அமைப்பு. அந்தத் தகர சீலிங்குக்கு டைல் கட்டம் போடாதீர்கள், தவறான தகவல். ஓரத்தில் டேஷ் கோடும் பொருளின் பெயரும் போதும். கூடவே புகைப்படங்களை இணையுங்கள்.

பக்கத்து அறைகளில் சாம்பல் நிறத் தட்டைப் பலகை சீலிங் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸா என்று சோதிக்காமல் இடிப்புத் தாளை வெளியே விடாதீர்கள். புதிய பயன்பாடு 2008-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடுகளில் இன்னும் கிடக்கிறது. அகற்றுவதற்கு 2020-ஆம் ஆண்டு விதிகள்படி பொதுவாகப் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். அந்த அறைகளுக்குத் தனிக் குறிப்பு எண் கொடுத்து, மற்ற இடிப்பு வேலையோடு கலக்காமல் தனித் தாளில் காட்டுங்கள்.