விலக்கு 07 என்று இன்சூரன்ஸ் கையை விரித்தால்?

கேள்வி: தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். நான் திருநம்பி, வயது 28. திருவனந்தபுரத்தில் ஐ.டி. கம்பெனி வேலை; தினமும் ரயிலில் போய்வருகிறேன். கலெக்டர் கொடுத்த அடையாளச் சான்றிதழ் இருக்கிறது. மார்பு அறுவைசிகிச்சைக்கு ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸில் கேஷ்லெஸ் கேட்டேன். ‘விலக்கு 07’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். மார்பில் கட்டி என்று எழுதி வாங்கினால் பணம் வரும் என்கிறார் நண்பர். எனக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டியும் உண்டு. அதையும் தள்ளிவிடுவார்களா, மேடம்?

பதில்: முதலில் நண்பரின் யோசனையை விட்டுவிடுங்கள், தம்பி. வெட்டியெடுத்த திசு பயாப்ஸிக்குப் போகும். அறிக்கையில் கட்டி இல்லை என்று வந்தால், கிளெய்ம் போவதோடு மோசடி என்று சொல்லி உங்களைப் பாலிசியிலிருந்தே நீக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரும் மாட்டிக்கொள்வார்.

அந்த 07 என்ன? ஹெல்த் பாலிசிகளில் வரும் விலக்குகளின் (அதாவது, பணம் தரமாட்டோம் என்று ஒதுக்கிவைக்கும் சிகிச்சைகளின்) வாசகத்தை, இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் ஒரே மாதிரியாக்கியது. அந்த வரிசையில் ஏழாவது, பாலின மாற்றச் சிகிச்சை. விலக்கு வைப்பதானால் இந்த வாசகத்தில் வையுங்கள் என்பதுதான் உத்தரவு. வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. குரூப் பாலிசியில் கம்பெனி பேரம்பேசி அதை நீக்கலாம். கூடுதல் பிரீமியம் கட்டி, இவ்வளவு ரூபாய் வரை என்று உச்சவரம்பு போட்டும் சேர்க்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. நிறுவனத்தின் மேசையில் இருப்பவர் உங்கள் பாலிசியைப் புரட்டாமல், பொதுப் பட்டியலைப் பார்த்தே தட்டிவிடுவதுண்டு. அதனால் ஹெச்.ஆரிடம் மாஸ்டர் பாலிசியையும் (உங்கள் கம்பெனி எல்லோருக்குமாகச் சேர்த்து எடுத்த மூலப் பாலிசி) அதன் பின்னிணைப்புகளையும் மின்னஞ்சலில் கேளுங்கள். ஆப்பில் தெரியும் இரண்டு பக்கச் சுருக்கம் போதாது.

2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் காட்டி, இன்சூரன்ஸ் கட்டாயம் தந்தாக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. அறுவை, ஹார்மோன், லேசர் செலவுகளுக்குக் காப்பீடு என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கடமை அரசின் தலையில் இருக்கிறது. தனியார் கம்பெனியின் பாலிசியில் 07 தெளிவாக எழுதியிருந்தால், இதை மட்டும் நம்பிக் கோர்ட்டுக்குப் போகச் சொல்லமாட்டேன். உங்கள் கம்பெனியை அசைக்க வேறு பிரிவுகள் உண்டு: 9ஆம் பிரிவு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது; 11ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். பாலிசி புதுப்பிக்கும் மாதத்துக்கு முன்பே அவரிடம் மனு கொடுங்கள். புதுப்பித்த பிறகு கொடுத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

ஃபைப்ராய்டு விஷயம் வேறு. அது தனி நோய். யாருக்கு வந்தாலும் நோய்தான். ரத்தப்போக்கு, ஸ்கேன், ஹீமோகுளோபின் அளவு இவற்றை வைத்து அறுவை ஏன் தேவை என்று டாக்டர் உள்ளதை உள்ளபடி எழுதினால் 07 அதைத் தொடாது. சிக்கல் கம்ப்யூட்டரில்தான் வரும். பாலிசியில் ‘ஆண்’ என்றிருக்க, சிகிச்சை கர்ப்பப்பை என்றால் அது தானாகவே திருப்பி அனுப்பிவிடும். முன்அனுமதி கேட்கும்போதே கலெக்டர் சான்றிதழையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். மார்பு அறுவையையும் இதையும் ஒரே அட்மிஷனில் செய்தால், பில்லைத் தனித்தனியாகப் பிரித்து வாங்குங்கள். இல்லையேல் மொத்த பில்லையும் 07க்குள் தள்ளிவிடுவார்கள். மனநல மருத்துவரிடம் போன செலவையும் விடாதீர்கள்: மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரவேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அந்தச் செலவு பாலிசியில் எந்த வகையில் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லையென்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். ஆபீஸ் கேரளத்தில் இருக்கிறதே என்று கொச்சிக்கு ஓடவேண்டாம். குடியிருக்கும் இடத்தை வைத்துச் சென்னை அலுவலகத்துக்கே அனுப்பலாம். அங்கே தோற்றாலும் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருடம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போட்டால் ஓம்பட்ஸ்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

மார்பு அறுவைக்கு அரசுப் பக்கமும் ஒரு கதவு உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் திருநர்களுக்கென ‘டி.ஜி. பிளஸ்’ அட்டையை 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பாலின உறுதிப்பாட்டு அறுவை உட்பட. திருநர்களுக்கான தேசிய இணையதளம் வழியாக வாங்கிய சான்றிதழ் வேண்டும். இதையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் பற்றிக் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் ஒருசேர விசாரியுங்கள். முதலமைச்சர் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அது ஒத்துவராமல் போகலாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜானாலும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியானாலும், திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இந்த அறுவைக்கு அங்கே அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அட்வான்ஸ் கட்டும் முன் கேளுங்கள். இவை கேஷ்லெஸ் திட்டங்கள்; கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்தால் பணம் திரும்ப வராது.