பச்சை எரிகிறது, பில் மட்டும் போடமுடியவில்லை

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக்கடை, சிந்தாமணியில் கிடங்கு. ஒரே சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டரைப் பலதாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்) போட்டு மூன்று விஎம் (மெய்நிகர் கம்ப்யூட்டர்) ஓடுகிறது. ஒன்றில் டேலி, ஒன்றில் பில்லிங் டேட்டாபேஸ், ஒன்றில் ஃபைல் ஷேர். மூன்றுக்கும் பொதுவான டிஸ்க் இடம், அதாவது பூல், 320 ஜிபி. விஎம்களுக்குக் கொடுத்திருப்பது 200, 200, 150. கண்காணிக்க ‘செக் பிவிஇ’ பிளகின் போட்டுத் தந்தார்கள். போன வாரம் காலை வியாபார நேரத்தில் பில்லிங் நின்றுவிட்டது. பிளகின் கடைசிவரை பச்சைதான் காட்டியது. ஏஎம்சிக்காரர் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்), ‘இலவசப் பிளகின் இப்படித்தான், வருடம் 36,000 ரூபாய்க்கு பேக்கேஜ் எடுங்கள்’ என்கிறார். சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டும் கேட்கிறார். கொடுக்கலாமா? அன்று எடுத்த ஸ்கிரீன் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: பணம், பாஸ்வேர்டு இரண்டுமே கொடுக்காதீர்கள். உங்கள் பிளகின் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. கேள்விதான் தப்பு.

உங்கள் படத்தில் பில்லிங் விஎம் ஐகான் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் தெரிகிறது, பக்கத்தில் ‘ஐஓ-எரர்’ (டிஸ்கில் படிக்க, எழுத முடியாத பிழை) என்று இருக்கிறது. 320 ஜிபி இடத்தை 550 ஜிபி என்று பங்கு போட்டிருக்கிறார்கள். இதைத் தின் பூல் என்பார்கள். விஎம் எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும் என்பதால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. பூல் நிரம்பிய அன்று எழுதப்போன விஎம் எழுதமுடியாமல் அப்படியே உறைந்து நிற்கும். சாகாது. ப்ராக்ஸ்மாக்ஸிடம் ‘ஓடுகிறதா’ என்று கேட்டால் ‘ஓடுகிறது’ என்றுதான் சொல்லும். அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் பச்சை வராமல் வேறென்ன வரும்?

மறுபடி அப்படி நின்றால் ஸ்டாப் பட்டனை அமுக்காதீர்கள். டேட்டாபேஸ் நடுவில் அறுபடும். முதலில் பழைய ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் அன்றைய நிலையைப் பதிந்துவைத்த நகல்) அழியுங்கள். பத்துக்கு ஒன்பது இடத்தில், அப்டேட்டுக்கு முன்னால் எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட்தான் பூலைத் தின்றிருக்கும். இடம் கிடைத்ததும் நோடின், அதாவது சர்வரின், ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரை) ‘க்யூஎம் ரெஸ்யூம்’ அடித்து, ஒரு இடைவெளி விட்டு விஎம் எண்ணைக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து ஓடும். விஎம்முக்குள் ஃபைல்களை அழித்தால் மட்டும் பூலில் இடம் திரும்பாது. அந்த டிஸ்க்கின் செட்டிங்கில் ‘டிஸ்கார்ட்’ டிக் இருக்கவேண்டும், விண்டோஸில் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஓடவேண்டும்.

இனி பிளகின். இதைச் சர்வரிலேயே ஒரு நாலாவது விஎம்மாக வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வீடு எரியும்போது காவல்காரனும் உள்ளே தூங்கினால் யார் கூப்பிடுவது? 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப் போதும். டெபியன் லினக்ஸ் போட்டு, அதில் பிளகினை ஓட்டிச் சேதி அனுப்பும் நாகியோஸ் அல்லது ஐசிங்கா. அந்தப் பெட்டியும் இன்டர்நெட் ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கவேண்டும். மாதாந்திர மின் பராமரிப்பு நாளில் சர்வர் போனாலும் சேதி வெளியே போகவேண்டும் அல்லவா.

பிளகின் ஃபைலை அதன் மூலப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள், யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை அல்ல. அதற்குப் பைத்தானின் ‘ரிக்வெஸ்ட்ஸ்’, ‘பேக்கேஜிங்’ என்ற இரண்டு துணைகள் வேண்டும். டெபியன் 12 முதல் பைத்தானின் ‘பிப்’ வழியாகப் போட்டால் மறுத்துவிடும். டெபியனின் சொந்த ‘ஆப்ட்’ வழியாகப் போடுங்கள். ஃபைலை நாகியோஸின் பிளகின்ஸ் ஃபோல்டரில் வைத்து 755 (எல்லோரும் ஓட்டலாம்) அனுமதி கொடுங்கள். சோதனையை ரூட்டாக ஓட்டாமல் நாகியோஸ் யூசராக ஓட்டிப் பாருங்கள். ரூட்டாக ஓடுகிறதே என்று திருப்தியாக எழுந்துபோய், மறுநாள் ‘ரிட்டர்ன் கோடு 126’ என்று பார்த்து முழிப்பவர்கள் நிறைய. 126 என்றால் ஓட்டும் அனுமதி இல்லை. 127 என்றால் ஃபைலே கிடைக்கவில்லை, அல்லது விண்டோஸில் ஏதோ ஒரு எடிட்டரில் சேமித்ததில் வரிமுடிவுக் குறி மாறிவிட்டது. 0 பச்சை, 1 மஞ்சள், 2 சிவப்பு, 3 ‘தெரியவில்லை’. இந்த 3-ஐ அலட்சியப்படுத்தாதீர்கள். கண் தெரியாத காவல்காரன் அது.

அடுத்து, பிளகின் எந்தப் பெயரில் ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் நுழைகிறது என்பது. ரூட் தேவையே இல்லை. டேட்டாசென்டர், பெர்மிஷன்ஸ், யூசர்ஸ் என்று போய், ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த ரெல்மில் (யூசர் பட்டியல்) ஒரு யூசரைச் சேருங்கள். பெர்மிஷன்ஸில் பாதை என்ற இடத்தில் ஒரு சாய்கோடு மட்டும், ரோல் ‘பிவிஇ ஆடிட்டர்’. இது பார்க்கமட்டும் முடிகிற ரோல். பிறகு அந்த யூசருக்கு ஒரு ஏபிஐ டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பிளகின் காட்டும் சாவி. ரகசியம் ஒரே ஒரு தடவைதான் திரையில் வரும், அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

பாதிப்பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், மெதுவாகப் படியுங்கள். டோக்கன் உருவாக்கும் கட்டத்தில் ‘பிரிவிலேஜ் செபரேஷன்’ என்ற டிக் தானாகவே போட்டிருக்கும். டிக் இருந்தால் யூசருக்குக் கொடுத்த ரோல் டோக்கனுக்குப் போய்ச் சேராது. டோக்கனுக்கு என்று தனியாக, அதே பாதையில், அதே ஆடிட்டர் ரோலை இன்னொரு தடவை கொடுக்கவேண்டும். சரி, டோக்கனுக்கு மட்டும் கொடுத்து யூசருக்கு விட்டுவிடலாமா? அதுவும் நடக்காது. இருவருக்கும் பொதுவாக இருக்கிற அனுமதிதான் செல்லும். யூசருக்கு ஒன்று, டோக்கனுக்கு ஒன்று, ஆக இரண்டு வரி பெர்மிஷன்ஸ் பட்டியலில் தெரியவேண்டும். டிக்கை எடுத்துவிட்டால் ஒரு வரி போதும்; ஆடிட்டர் யூசர்தானே, எடுத்தாலும் மோசமில்லை. இது சரியில்லை என்றால் பிளகின் 403 (அனுமதி இல்லை) என்று சொல்லும், அல்லது விஎம் பட்டியலே காலி என்று சொல்லும். அப்போது ஏஎம்சிக்காரர் ‘ரூட் கொடுத்தால் ஓடும்’ என்பார். ஓடும்தான். பீரோ சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தாலும் கதவு திறக்கத்தான் செய்யும்.

எவற்றைப் பார்க்கச் சொல்வது? முதலில் ஸ்டோரேஜ்: உங்கள் ‘லோக்கல்-எல்விஎம்’ (அந்தத் தின் பூலின் பெயர்) 80 சதவீதத்தில் மஞ்சள், 90-ல் சிவப்பு. அதோடு வாரம் ஒருமுறை நோடின் ‘டிஸ்க்ஸ், எல்விஎம்-தின்’ பக்கத்தில் ‘மெட்டாடேட்டா யூசேஜ்’ (பூல் தன் கணக்கை வைக்கும் இடம்) என்ற பத்தியையும் கண்ணால் பாருங்கள். அது நிரம்பினாலும் இதே கதைதான். அடுத்து, மூன்று விஎம்முக்கும் வெளியிலிருந்து பிங் (‘இருக்கிறாயா’ என்று நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்ப்பது). விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மறிக்கும், அனுமதி கொடுங்கள். அதற்குமேல் டேட்டாபேஸ் போர்ட் (அது பதில் சொல்லும் வாசல் எண்): மைஎஸ்க்யூஎல் என்றால் 3306, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் என்றால் 1433. உறைந்த விஎம் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது. அன்று உங்களுக்கு இல்லாமல்போனது இதுதான். பேக்கப், ஸ்னாப்ஷாட் வயது இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சோதனை, தப்பு வந்தால் ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை வரை உறுதி. ஆகமொத்தம் ஏழு நிமிடத்தில் சேதி வந்துவிடும்.

விஎம்முக்குள் சி டிரைவ் நிரம்புவது ப்ராக்ஸ்மாக்ஸுக்குத் தெரியாது. அதற்கு உள்ளேயே ஓடும் ஒரு சின்ன புரோகிராம், அதாவது ஏஜென்ட் வேண்டும், விண்டோஸுக்கு என்எஸ்கிளையன்ட். மெமரி எப்போதும் 95 சதவீதம் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். உண்மையில் எவ்வளவு மெமரி செலவாகிறது என்று சொல்லும் பலூன் டிரைவர் போடாத விண்டோஸ் விஎம் அப்படித்தான் காட்டும். விர்ட்டியோ டூல்ஸைப் போட்டால் சரியாகிவிடும்.

‘சப்ஸ்கிரிப்ஷன்’ சோதனையை மட்டும் சேர்க்காதீர்கள். ஆயுசுக்கும் பச்சை ஆகவே ஆகாது. லாகின் செய்யும்போது வரும் ‘செல்லுபடியாகும் சப்ஸ்கிரிப்ஷன் இல்லை’ என்ற பெட்டியைக் காட்டி, லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று காசு கறக்கும் ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். முடிய அங்கே லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மூல மென்பொருள். சப்ஸ்கிரிப்ஷன் என்பது கம்பெனி ஆதரவுக்கும் என்டர்பிரைஸ் அப்டேட் களஞ்சியத்துக்கும் மட்டும். அதேபோல ‘வீட்டிலிருந்தே பார்க்கலாம்’ என்று ரவுட்டரில் ப்ராக்ஸ்மாக்ஸ் திரையின் 8006 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். திறந்திருந்தால் மூடுங்கள், விபிஎன் போதும். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிக்குள் சர்வீஸ்காரர் பைக்கில்கூட வரமுடியாது என்பது உண்மைதான், அதற்காகக் கதவைத் திறந்தே போட்டுவைக்க முடியுமா?

எச்சரிக்கை எதில் வரும்? எஸ்எம்எஸ் என்று ஆசைப்படாதீர்கள். ‘பூல் 80 சதவீதம்’ என்று உங்கள் ஃபோனுக்கு நீங்களே ஒரு வரி அனுப்ப நிறுவனத்தைப் பதிவு செய்யவேண்டும், அனுப்புபவர் பெயராக வரும் தலைப்பைப் பதிவு செய்யவேண்டும், வாசகத்தின் மாதிரிக்குத் தனி ஒப்புதல் வாங்கவேண்டும். லோன் வேண்டுமா என்று கேட்கிற எஸ்எம்எஸ் மட்டும் எப்படித்தான் தடையில்லாமல் வருகிறதோ. ஜிமெயில் என்றால் சாதாரண பாஸ்வேர்டு 2022 மே 30-லிருந்து செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்து 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுங்கள். டெலிகிராம் பாட் (தானாகச் சேதி அனுப்பும் கணக்கு) இன்னும் சுலபம், செலவில்லை.

எல்லாம் போட்டபின் ஒரு நாள் ராத்திரி, கணக்கு முடித்து எல்லோரும் டேலியை மூடியபிறகு, ஃபைல் ஷேர் விஎம்மைத் தேர்ந்து, ஷட்டவுன் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில் ‘பாஸ்’ (Pause, தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள். பிளகினின் விஎம் சோதனை எந்த நிறம் காட்டினாலும் பிங் சிவப்பாகும், ஏழு நிமிடத்துக்குள் ஃபோன் அடிக்கவேண்டும். அடித்தால் ரெஸ்யூம் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டுங்கள். அடிக்காவிட்டால் முதலில் டெலிகிராம் பாட்டுக்கு நீங்கள் ஒரு ‘ஸ்டார்ட்’ அனுப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நீங்கள் முதலில் பேசாமல் அது உங்களிடம் பேசாது.