அடுக்குமாடி வீட்டுக்கு எந்த நாய்? கால்நடை மருத்துவரின் பதில்கள்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்க்க விரும்புவோரின் கேள்விகளும், அவற்றுக்கு நகரில் மருத்துவம் பார்த்துவரும் கால்நடை மருத்துவர் ஒருவர் அளித்த பதில்களும்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் உள்ளது. நானும் கணவரும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். சிறிய உருவம் என்பதால் பீகிள் வாங்க நினைக்கிறோம். சரியாக இருக்குமா, டாக்டர்? (வேளச்சேரி)

வேண்டாம் என்றே சொல்வேன். சிறிய நாய் என்றால் அடுக்குமாடிக்கு ஏற்றது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் ஓர் இனத்தை மதிப்பிடும்போது அதன் எடையை விட, எந்த வேலைக்காக மனிதர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பீகிள், இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டமாக வளர்க்கப்பட்ட நாய். மோப்பம் பிடித்துக்கொண்டே ஓடுவதும், முயல் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பின்னால் வரும் வேட்டைக்காரர்களுக்குத் தெரிவிக்க நீண்ட குரலெடுத்துக் கத்துவதும்தான் அதன் தொழில். கூட்டத்தோடு வாழப் பழகிய அந்த இனத்தைப் பதினொரு மணி நேரம் தனியே பூட்டி வைத்தால் அது கத்தத்தான் செய்யும். அந்தக் குரல் உங்கள் தளத்தோடு நின்றுவிடாது.

உண்மையில் உங்கள் சிக்கல் இனத்தைப் பற்றியதே அல்ல. வளர்ந்த நாயால் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை சிறுநீரை அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் முடியாது. நண்பகலில் வந்து வெளியே அழைத்துச் செல்ல நம்பகமான ஒருவர் கிடைத்தால், குட்டிக்குப் பதிலாக, குணம் ஏற்கெனவே தெரிந்த இரண்டு மூன்று வயது நாயைத் தத்தெடுங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், வேலை நேரம் மாறும்வரை காத்திருப்பதே நல்லது.

மகன் சைபீரியன் ஹஸ்கிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நாள் முழுவதும் ஏ.சி. போட்டு வைக்க எங்களால் முடியும். (அண்ணா நகர்)

ஏ.சி. வெப்பத்தைக் குறைக்கும், அந்த நாயின் தேவை அதோடு முடிந்துவிடவில்லை. பனிப்பரப்பில் சறுக்குவண்டியை நெடுந்தொலைவு இழுத்துச் செல்வதற்கென்றே உருவான இனம் அது. தினமும் நீண்ட நேரம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தைச் சென்னையில் ஏ.சி. அறைக்குள் கொடுக்க முடியாது.

வெளியே அழைத்துச் சென்றால் என்ன நடக்கும் என்பதையும் விளக்கிவிடுகிறேன். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் குளிர்கிறது. காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்திருக்கும் கடலோர நகரத்தில் அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே வெப்பமானி காட்டும் அளவை விட அதிகத் துன்பத்தை நாய் அனுபவிக்கிறது. ஏற்கெனவே ஹஸ்கி வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் மட்டும் நடத்திச் செல்லுங்கள். இரட்டை அடுக்கு ரோமத்தை மழித்துவிடாதீர்கள், அது வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. புதிதாக வாங்குவதற்கு நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

தனியாக வசிக்கும் அம்மாவுக்கு எழுபது வயது. துணைக்குப் பக் அல்லது லேப்ரடார் குட்டி வாங்கித் தரலாமா? (நங்கநல்லூர்)

ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரம் பக் இனத்தைத் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அதன் குறட்டையை இன்றும் பலர் செல்லமாக ரசிக்கிறார்கள். குறுகிய நாசித் துளைகளும் நீண்டு தொங்கும் மேலண்ணமும் மூச்சை அடைப்பதால் எழும் ஒலி அது. கோடையில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் நாய்களில் இத்தகைய தட்டை மூக்கு இனங்களே மிகுதி. இரவு பத்து மணிக்கு அம்மாவால் தனியே அதை எடுத்துக்கொண்டு ஓட முடியுமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

லேப்ரடார் அன்பானதுதான், ஆனால் வளர்ந்தபின் முப்பது கிலோவைத் தாண்டக்கூடும். அது ஒரு பூனையைக் கண்டு வாரை இழுத்தால் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது அம்மாவுக்குத்தான். போதாக்குறைக்கு, பசி அடங்கியதை உணர்த்தும் மரபணுவொன்றில் பல லேப்ரடார்களுக்குக் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். கெஞ்சும் கண்ணுக்கு இரங்கி நம் அம்மாக்கள் வைக்கும் தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் சேர்ந்தால், அந்த நாய் வெகு விரைவில் பருத்து மூட்டு வலியில் விழுந்துவிடும். அமைதியான, நடுவயதுடைய, பத்துக் கிலோவுக்கு உட்பட்ட நாயொன்றைத் தேடுங்கள். ஷிட்சூ பொருந்தக்கூடும், எனினும் அதன் மூக்கும் குட்டையானதே, தினமும் சீவிவிடவும் வேண்டும். அம்மாவுக்கு உடல்நலம் குன்றினால் நாயை யார் பார்த்துக்கொள்வது என்பதை வாங்குவதற்கு முன்பே குடும்பத்தில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஊர்ப் பாசத்தில் ராஜபாளையம் வளர்க்க ஆசை. இங்கே மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். (பெரம்பூர்)

உங்கள் ஆசையைப் புரிந்துகொள்கிறேன். 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற இனமல்லவா? ஆனால் பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்ந்த ராஜபாளையம், அயலாரை எளிதில் நம்பாது. லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய முகத்தைச் சகித்துக்கொள்ள வேண்டிய வாழ்க்கை அதற்குப் பெரும் சோதனை. வெண்ணிற உடலோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மையும் இந்த இனத்தில் உண்டு. குட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள், திரும்பாத குட்டியை மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

நாட்டு இனம்தான் வேண்டுமென்றால் சிப்பிப்பாறையையும் கன்னியையும் எண்ணிப் பார்க்கலாம். பார்வையால் இரையைத் துரத்தும் இந்த நாய்கள் வெளியே மின்னலாக ஓடினாலும், ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் பெரும்பாலான நேரம் படுத்தே கிடக்கும். அநாவசியமாகக் குரைப்பதும் குறைவு. அன்றாடம் அவிழ்த்துவிட்டு ஓடவிடச் சுற்றுச்சுவருள்ள திடல் ஒன்று அருகில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, ஏனெனில் திறந்த தெருவில் பூனை ஒன்றைக் கண்டுவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

தெருநாய்க் குட்டியை எடுத்து மாடி வீட்டில் வளர்க்க முடியுமா? (சைதாப்பேட்டை)

தாராளமாக. இந்த வெப்பத்துக்குப் பழகிய உடல், குட்டை ரோமம், நடுத்தர உருவம் என மூன்றும் நம் நகரத்துக்குப் பொருந்தியவை. குணம் மட்டும் குட்டிக்குக் குட்டி வேறுபடும். சில குட்டிகள் வாசல் ஓசை ஒவ்வொன்றுக்கும் குரைக்கும். மூன்று நான்கு மாதத்துக்குள் லிஃப்ட், படிக்கட்டு, குழந்தைகள், குக்கர் விசில் என எல்லாவற்றையும் பயமின்றிப் பழக்கிவிடுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே கையில் தூக்கியே செல்லுங்கள். உண்ணி வழியாகப் பரவும் காய்ச்சல் நாட்டு நாயையும் தாக்கும்.

எங்கள் சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. லிஃப்டிலும் ஏற்றக் கூடாதாம். (முகப்பேர்)

இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மை வாக்கால்கூடச் சங்கம் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது. லிஃப்டைப் பயன்படுத்துவதற்குத் தனிக் கட்டணம் கேட்கவும் முடியாது. அதே வழிகாட்டுதல்கள், பொது இடங்களில் நாயை வாரில் பிடித்துச் செல்லுமாறும் கழிவை அகற்றுமாறும் வளர்ப்பவர்களை வலியுறுத்துகின்றன. மாநகராட்சி உரிமத்தையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு செயலாளரிடம் பேசுங்கள். நாய்க்கு அஞ்சும் முதியவர் லிஃப்டுக்குள் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருங்கள்; விதிகளைக் காட்டி வாதாடுவதை விட இது அதிகம் பயன்தருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்புக்காக ராட்வைலர்? (போரூர்)

வேண்டாம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை நகரம் மறக்கவில்லை. காவலாளியும் கேமராவும் உள்ள கட்டடத்தில் காவல் நாய்க்கு வேலையும் இல்லை.

குட்டியை எங்கே, எப்படி வாங்குவது? (தாம்பரம்)

வாங்குவதற்கு முன் தத்தெடுப்பு மையங்களைப் பாருங்கள். சென்னையிலேயே புளூ கிராஸ் இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. தாய் நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தாய் உங்களைக் கண்டு ஒடுங்குகிறதா, சீறுகிறதா, வாலாட்டி வருகிறதா என்று கவனித்தால் குட்டியின் வருங்காலக் குணம் பாதி புரிந்துவிடும். தாயைக் காட்ட மறுத்து, பாதி வழியில் வந்து குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.