ரெக்ஸ் பிகோனியா: இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: கொடைக்கானல் நர்சரி ஒன்றில் ஊதாவும் வெள்ளியும் கலந்த இலைகளுடன் ஒரு ரெக்ஸ் பிகோனியா வாங்கி வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். முதலில் செழிப்பாக இருந்தது. இப்போது இலை ஓரங்கள் கருகுகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் தொங்குகின்றன. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் இரண்டும் வெவ்வேறு குறைகள். ஓரம் கருகுவதற்குப் பெரும்பாலும் காற்றில் ஈரம் போதாமையே காரணம். தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை தொங்குகிறது என்றால், மண்ணில் ஈரம் மிகுந்து வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது. அதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவதால்தான் பெரும்பாலான பிகோனியாக்கள் நம் வீடுகளில் சாகின்றன.

இன்று விற்பனைக்கு வரும் ரெக்ஸ் வகைகள் கலப்பினங்கள். 1857-இல் பெயர் சூட்டப்பட்ட அவற்றின் மூதாதைச் செடி அசாம் பகுதியின் ஈரக்காடுகளைச் சேர்ந்தது. மர நிழலில், மக்கிய இலைகள் நிறைந்த இளகிய மண்ணில், சதைப்பற்றுள்ள தண்டு தரையோடு படர்ந்து வளரும். அந்தத் தண்டே நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால், ஒரு நாள் தண்ணீர் தவறினால் செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது. வேர்களோ ஆழம் போகாதவை, காற்றோட்டம் இல்லாவிட்டால் மூச்சுத் திணறுபவை.

முதலில் செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்து வேரைப் பாருங்கள். வெளிறி உறுதியாக இருப்பவற்றை விட்டுவிட்டு, பழுப்பேறிக் கொழகொழவென்று இருப்பவற்றைச் சுத்தமான கத்தரியால் நீக்குங்கள். பிறகு, எஞ்சிய வேர்களுக்குப் போதுமான அளவில், ஆழம் குறைந்த, அடியில் துளையுள்ள தொட்டி ஒன்றில், கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணை இளக வைக்கும், எடை குறைந்த வெள்ளைத் துகள்கள்) ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் ஒரு பங்கு கலந்து நடுங்கள். படர்தண்டை மண்ணுக்குள் புதைக்க வேண்டாம். அது மேலே தெரியட்டும். இனி மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்; தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள்.

காற்றின் ஈரத்துக்காக இலை மேல் நீர் தெளிக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. சுரசுரப்பான அந்த இலைகளில் நீர் தங்கிப் புள்ளி நோய்க்கு இடம் கொடுக்கும். கூழாங்கற்கள் நிரப்பிய தட்டில் சிறிது நீர் விட்டு, தொட்டியின் அடி நீரைத் தொடாதபடி அதன் மேல் வையுங்கள்; மற்ற செடிகளோடு நெருக்கி வைத்தாலும் நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழேயோ ஏசி காற்று படும் இடத்திலோ வைக்காதீர்கள். இளங்காலை வெயில் மட்டும் படும் கிழக்கு ஜன்னல் ஏற்றது. வெளிச்சம் குறைந்தால் நிறம் மங்கும், உச்சி வெயில் பட்டால் இலை வெந்துவிடும். சித்திரை, வைகாசியில் வீட்டிலேயே குளுமையான அறைக்கு மாற்றி, உரம் இடுவதை நிறுத்திவிடுங்கள். அந்த மாதங்களில் புது இலை வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள். செடி பிழைத்துக் கிடந்தாலே போதும்.

கேள்வி: ஒரே இலையிலிருந்து புதுச் செடிகள் எடுக்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: உண்மைதான். முதிர்ந்து நலமாக உள்ள இலையைத் திருப்பி, பின்புறத்தில் புடைத்திருக்கும் நரம்புகளைச் சில இடங்களில் குறுக்கே கீறுங்கள். பின்புறம் கீழே இருக்கும்படி ஈரமான தென்னை நார்க்கழிவின் மேல் படிய வைத்து, கீறிய இடங்கள் தூக்கிக்கொள்ளாமல் சிறு கற்களால் அழுத்துங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவால் மூடி நிழலில் வைத்தால், சில வாரங்களில் கீறல்களிலிருந்து வேரும், பிறகு நகக்கண் அளவில் நிறம் கொண்ட குட்டி இலைகளும் எழும். தினமும் சிறிது நேரம் மூடியைத் திறந்து காற்றாட விடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வருவதில்லை. எனவே இந்த முறையே நம்பகமானது.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. பிகோனியா வைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: எட்டாத உயரத்தில் வைக்க முடிந்தால் மட்டும் வையுங்கள். இச்செடியில் உள்ள ஆக்சலேட்டுகள் என்னும் உப்புகள் பூனையின் வாயை எரியச் செய்து, எச்சில் வடிதலையும் வாந்தியையும் உண்டாக்கும். தண்டும் வேர்ப்பகுதியும் இலையைவிடக் கடுமையானவை. கடித்துவிட்டது தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.