மூச்சும் குரலும் நரம்பும்: கேள்வி பதில்

பேச்சு, குரல் சிகிச்சை என் தொழில். மூச்சுப் பயிற்சி பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன். இதயநோய், வலிப்பு, கர்ப்பம் போன்றவை இருந்தால் வேகமான பயிற்சியோ மூச்சை அடக்கும் பயிற்சியோ தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பதற்றம் வந்தால் ஆழமாக மூச்சு விடச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப் போகிறது. ஏன் மேடம்?

ஆழத்தோடு வேகமும் சேர்ந்துவிடுகிறது, அதனால்தான். தேவைக்கு மேல் காற்று போய் வரும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல் அந்த வழியில் வருவது. விரல் மரத்துப்போவதும் கரியமில வாயு குறைவதால்தான். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக இழுப்பீர்கள், இன்னும் மோசமாகும். இழுப்பதைச் சாதாரண அளவிலேயே வைத்துக்கொண்டு, விடுவதை மட்டும் நீட்டுங்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய யோசனை வேண்டாம். உண்மையான காரணம் ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அது ஆபத்தில் முடியும்.

விடும் மூச்சை நீட்டுவதில் அப்படி என்ன விசேஷம்?

இதை நீங்களே தொட்டுப் பார்த்துவிடலாம். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும். மெதுவாக விடுங்கள், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இளம் வயதினரிடம் இது நன்றாகவே தெரியும், வயது கூடக்கூட மங்கும். கார்ல் லுட்விக் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் 1847-லேயே இதைப் பதிவு செய்தார்.

காரணம் வேகஸ் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து கிளம்பி குரல்வளை, நுரையீரல், இதயம், குடல் வரை இறங்கும் பத்தாவது கபால நரம்பு அது. இதயத்தை அது எப்போதும் லேசாக அடக்கியே வைத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி தளரும், விடும்போது இறுகும். 1921-ல் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் தவளை இதயங்களை வைத்துச் செய்த சோதனையில், இந்த நரம்பைத் தூண்டியபோது இதயத்தை மெதுவாக்கும் ஒரு ரசாயனம் சுரப்பது தெரிந்தது. அதுதான் அசிட்டைல்கோலின். ஆக, விடும் நேரம் நீண்டால் இதயம் அடங்கியிருக்கும் நேரமும் நீளும். "அமைதியாக இரு" என்று இதயத்துக்கு உத்தரவு போட நம்மால் முடியாது. மூச்சுக்குப் போடலாம், இதயம் அதன் பின்னால் வரும்.

நிமிடத்துக்கு எத்தனை மூச்சு சரி?

ஓய்வில் பெரியவர்களுக்குப் பொதுவாக 12 முதல் 20. பயிற்சியில் 6 என்பது நல்ல இலக்கு: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் பத்து விநாடி. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயலுக்கும் கிட்டத்தட்ட பத்து விநாடி சுழற்சி உண்டு. இரண்டும் ஒத்துப்போகும்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் நன்றாக விரிகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2001-ல் இத்தாலியில் நடந்தது. லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறில் வந்து நின்றது! யாரும் எண்ணிச் சொல்லிக்கொடுக்கவில்லை, உச்சரிப்பின் நீளமே அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

வண்டு போல ரீங்கரிக்கும் பிராமரிப் பயிற்சியைச் செய்யும்போது வரும் அதிர்வு வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது என்கிறார்களே, உண்மையா?

ரீங்காரம் நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பலனுக்குக் காரணம் அதிர்வுதான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. என் கணிப்பில் முக்கால்வாசி வேலையைச் செய்வது நீண்ட வெளிமூச்சுதான். குரல்நாண்கள் நெருங்கி நிற்கும்போது காற்று மெதுவாகவே கசியும். விடும் மூச்சு தானாகவே நீளும். அதிர்வால் நடப்பதாக நன்கு அளக்கப்பட்ட விஷயம் வேறு ஒன்று: ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, சும்மா மூச்சு விடுவதைவிடப் பதினைந்து மடங்கு கூடியதாக ஸ்வீடனில் 2002-ல் கண்டார்கள். மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் காற்றுப் போக்குவரத்து கூடுவதால் அப்படி.

சேர்ந்து பாடினால் மனம் லேசாகிறதே, அதுவும் இதனால்தானா?

ஒரு பங்கு இதனால்தான். ஒரே வரியை எல்லோரும் பாடினால் மூச்சு எடுக்கும் இடமும் ஒன்றாகிறது. அப்போது இதயத்துடிப்பு கூடுவதும் குறைவதும் ஒத்துப்போவதை 2013-ல் வெளியான இன்னொரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. கூடிப் பாடும் சந்தோஷத்தை இதில் மட்டும் அடக்கிவிட முடியாது.

தூங்கும் முன் கபாலபாதி, அதாவது வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி, செய்யலாமா?

வேண்டாம். அது உடலைச் சுறுசுறுப்பாக்கும் பயிற்சி. காலையில் செய்யுங்கள்.

நீச்சலுக்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் நீருக்கடியில் கூடுதல் நேரம் இருக்கலாம் என்கிறான் நண்பன்.

தயவுசெய்து செய்யாதீர்கள். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் அந்த எச்சரிக்கை வராது. ஆக்சிஜன் தீர்ந்து நீருக்குள்ளேயே மயங்கிவிடுவீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

மேடை ஏறினால் குரல் நடுங்குகிறது. உடனடியாக என்ன செய்யலாம்?

பயத்தில் குரல்வளைத் தசைகள் இறுகும், மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடும். ஏறுவதற்கு முன் மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று தடவை போதும். இந்தப் பெருமூச்சுப் பயிற்சியைத் தினம் ஐந்து நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களுக்கு மனநிலை நன்றாக முன்னேறியதாக 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அப்புறம் உதட்டை மூடி, சௌகரியமான சுருதியில் 'ம்ம்' என்று மெல்ல முனகுங்கள். முதல் வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு, முற்றுப்புள்ளியில் நின்று மூச்சு எடுங்கள்.

பதற்றத்துக்கு எடுக்கும் மாத்திரையை இதனால் நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு சேர்த்தே செய்யலாம். குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஓங்காரம் சொன்ன பிறகு தொண்டை கரகரக்கிறது. பழகினால் சரியாகிவிடுமா?

ஆகாது, தொண்டையை அழுத்திச் சொல்கிறீர்கள். சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள், சுருதியை வலிந்து கீழே இறக்காதீர்கள், மூச்சு தீரும் கடைசிச் சொட்டு வரை ஒலியை நீட்டாதீர்கள். கரகரப்பு மூன்று நான்கு வாரம் தாண்டியும் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள்.