வன்னி மரத்துக்கு ஆன்மிக, மாந்திரீகப் பயன்கள் உண்டா?

வன்னி என்ற சொல்லுக்கே நெருப்பு என்ற பொருள் உண்டு. வன்னியின் மேல் முளைத்து வளர்ந்த அரச மரத்திலிருந்து அரணிக் கட்டை எடுத்து வேள்வித் தீ கடைவது பழைய மரபு என்பதால், இம்மரத்துக்குள் அக்கினி உறைவதாகவே முன்னோர் கருதினர். நவக்கிரக ஹோமத்தில் சனிக்கு இடும் சமித்தும் வன்னிக் குச்சிதான்.

பகை வெல்லும் ஆற்றல் இதற்கு உண்டு என்ற நம்பிக்கை, பாண்டவர் அஞ்ஞாதவாசத்தின்போது தம் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்துவைத்து மீட்ட மகாபாரதச் செய்தியோடு பின்னியது; விஜயதசமியன்று பல கோயில்களில் உற்சவர் வன்னியை நோக்கி அம்பு எய்வதும் அதனால்தான்.

மாந்திரீகம் என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தல மரமான வன்னிதான். திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் அதன் இலைகளைக் கூலியாக அளிக்க, அவரவர் உழைப்புக்கு ஏற்ப அவை பொன்னாயின என்கிறது தலபுராணம். கர்நாடகத்தில் தசராவின்போது வன்னி இலையைப் பொன் என்றே சொல்லிக் கைமாற்றிக்கொள்வதும் இந்த நம்பிக்கைக்கு நெருக்கமானது. ஆனால் தாயத்தாக விலைபேசி விற்பதை நான் ஏற்கவில்லை.

வீட்டு வழிபாட்டில் விநாயகருக்கும் சிவனுக்கும் இதன் இலையால் அர்ச்சிக்கலாம். இலைகள் மிகச் சிறியவை, கிளையெங்கும் முள் இருக்கும். ஆகவே கிளையை ஒடிக்காமல், இணுக்கு இணுக்காகப் பொறுமையுடன் கிள்ளி எடுங்கள்.