டர்போ போட வேண்டும் என்கிற மகனுக்கு முதலில் ஒரு கணக்கு கொடுங்கள்

பிளஸ் டூ படிக்கிற மகன், வீட்டில் நிற்கும் பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் காருக்கு டர்போ மாட்டியே தீருவேன், இன்ஜின் படிப்புதான் படிப்பேன் என்கிறான். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கார் சாவியை இப்போதைக்குப் பூட்டி வையுங்கள். பையனைத் திட்டாதீர்கள். "85 குதிரைத்திறன் இன்ஜினை 130 ஆக்கினால் எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? யார் கொடுப்பது?" என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலிலேயே இந்தப் படிப்பு அவனுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

டர்போ செய்வது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது மட்டும்தான். கூடுதல் காற்றுக்கு ஈடான பெட்ரோலை, அதைத் தெளிக்கும் வால்வான இன்ஜெக்டர் தர வேண்டும். டர்போ பெட்ரோல் இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் என்று கணக்குப் போடுவது வழக்கம். 130-க்கு மணிக்கு 35 கிலோ. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் தலைக்கு 8.8 கிலோ. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்க முடியாது, 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். ஆக 11 கிலோ தரக்கூடியது தேவை. பெட்ரோலின் அடர்த்தி 0.74. நிமிடத்துக்குச் சுமார் 250 சிசி இன்ஜெக்டர் என்று விடை வரும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்காக இன்னும் ஏழெட்டு சதவீதம் கூட்ட வேண்டும். தொழிற்சாலை போட்ட இன்ஜெக்டர் 85 குதிரைத்திறனுக்கு அளவெடுத்தது. அது போதாது.

எதற்கு 80 சதவீதம் என்று அவனையே கேட்டுப் பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் சுழற்சி ஒன்றுக்கு 20 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். இன்ஜெக்டர் திறந்து பெட்ரோல் வரத் தொடங்கவே ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் போய்விடும், பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் அதற்கு மேலும் ஆகும். இந்தத் தாமதத்தைப் புது இன்ஜெக்டருக்குச் சரியாகப் பதியாவிட்டால் ஐடிலிங்கிலேயே வண்டி திணறும்.

பலர் கோட்டை விடுவது அழுத்தத்தில்தான். இன்ஜெக்டருக்குப் பின்னால் 3 பார் அழுத்தம் இருக்கிறது என்று வையுங்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் டர்போ 0.6 பார் ஏற்றினால் பெட்ரோல் அதை எதிர்த்து வெளியே வர வேண்டும், மிஞ்சுவது 2.4. பெட்ரோல் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். 12-க்கு 1 என்று வைத்த காற்று-பெட்ரோல் விகிதம் 13.4 ஆகிவிடும். அதுவும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது! மேனிஃபோல்டிலிருந்து, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு ஒரு வேக்கம் ஹோஸ் போட்டால் இன்ஜெக்டருக்குப் பின்னால் உள்ள அழுத்தம் 3.6 ஆக உயர்ந்து கணக்கு சரியாகும். ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும், மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் இல்லாத கார்களில் இந்த வழி கிடையாது. அங்கே லைனை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் ஈடுகட்ட வேண்டும். பம்பும் 3.6 பாரில் தேவையான அளவு தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பும் தரும் அளவு குறையும்.

அடுத்தது சென்சார். டர்போ இல்லாத காரில் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான், அதாவது 100 கிலோபாஸ்கலைச் சற்றுத் தாண்டும் வரைதான் படிக்கும். 0.6 பார் பூஸ்ட் என்றால் 160. சென்சார் உச்சத்திலேயே நின்றுவிடும், இசியூ பழைய அளவுக்கே பெட்ரோல் விடும். 250 கிலோபாஸ்கல் சென்சாரும், மேப்பை, அதாவது பெட்ரோல் அளவு அட்டவணையை, திருத்தக்கூடிய இசியூவும் வேண்டும். பழைய ஆக்சிஜன் சென்சாரும் உதவாது. அது காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்ல வைட்பேண்ட் என்கிற வகை சென்சார் வேண்டும்.

கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆனால் சூடு ஏறி, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பின்தள்ளாமல் விட்டிருந்தால், கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். முதலில் பிஸ்டன் ரிங் பள்ளத்தின் சுவர் உடையும். நொடிக்கணக்கில் முடிகிற வேலை அது. பட்டறைக்காரர் "பெட்ரோல் சரியில்லை" என்பார்.

இந்தக் கணக்குகளைச் சம்பளத்துக்குப் போடும் வேலைக்குப் பெயர் இன்ஜின் கேலிப்ரேஷன். நாள் முழுக்க டெஸ்ட் பெட் என்கிற சோதனை மேடையில் ஓடும் இன்ஜினும், லேப்டாப்பில் எண் அட்டவணைகளும். சத்தமும் வேகமும் மட்டும் பிடித்தவனுக்கு ஆறு மாதத்தில் சலித்துவிடும். பிஎஸ்6 என்கிற புகை விதி 2020 ஏப்ரலில் வந்த பிறகு புகை அளவுக்கான கேலிப்ரேஷன் வேலையும் கூடியிருக்கிறது. மின்சார வண்டி வந்தால் இது என்ன ஆகும் என்பது நியாயமான பயம். பெட்ரோல் இன்ஜின் வேலைகள் காலப்போக்கில் குறையும். ஆனால் சென்சார் சிக்னல், வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் டேட்டா, கன்ட்ரோல் மேப் தெரிந்தவர் மோட்டார் கன்ட்ரோலருக்கு மாறலாம். வெறும் ஸ்பேனர் வேலை கற்றவருக்கு அது கடினம்.

படிப்புக்கு ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் பி.இ. எடுக்கலாம். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலும் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஆட்டோமொபைல் உண்டு. கட்-ஆஃப் 200-க்கு, கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணக்கில் தடுமாறுகிறவன் என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டு பி.இ.யில் நேரடியாகச் சேரலாம். அது குறைவான வழி இல்லை. கல்லூரி பார்க்கப் போகும்போது மாணவர்களே சிறிய ரேஸ் கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா மாணவர் அணி இருக்கிறதா என்று விசாரியுங்கள். 710 சிசிக்குள் இன்ஜின், இன்ஜினுக்குக் காற்று போக 20 மில்லிமீட்டர் துவாரம் என்பது அந்தப் போட்டியின் விதி. மாணவர்களே இசியூ மேப் எழுதுவார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்த ஃபார்முலா பாரத் போட்டியை ஒருமுறை பார்த்தவருக்கு இந்த வேலை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக் கார் விஷயம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. டர்போ போட்ட காரைச் சாலையில் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும். வேண்டுமானால் அவனுக்கு ஒரு வைட்பேண்ட் மீட்டரும், இசியூ எண்களைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட் இருந்தால் அதில் செருகும் ஸ்கேனரும் வாங்கிக் கொடுங்கள். எதையும் மாற்றாமல் ஒரு மாதம் காரின் கலவை, அழுத்தம், டைமிங் எண்களை நோட்டில் எழுதட்டும். மூன்றாவது வாரமும் எழுதிக்கொண்டிருந்தால் கவுன்சலிங் விண்ணப்பத்தைத் தயங்காமல் நிரப்புங்கள்.